பழைய ராணுவ ரைஃபிள் எங்கே வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். இதில் சொல்லும் சட்டமும் விலையும் கடையும் எல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும்தான். நான் வக்கீல் இல்லை, பழைய ரைஃபிள் சேர்க்கும் கிறுக்கு பிடித்த ஒரு ஆள், அவ்வளவுதான்.

சர்ப்ளஸ் ரைஃபிள் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஏதோ ஒரு நாட்டு ராணுவம் தன் சிப்பாய்களுக்காகச் செய்து, பயன்படுத்தி, பிறகு தேவையில்லை என்று கழித்துவிட்ட ரைஃபிள். ராணுவத் துப்பாக்கி மாதிரி தோற்றம் கொடுத்து இன்று புதிதாகச் செய்து விற்பதெல்லாம் இதில் சேராது. சந்தையில் அதிகம் கண்ணில் படுபவை: அமெரிக்க எம்1 கேரண்ட், 1903 ஸ்ப்ரிங்ஃபீல்ட், ரஷ்ய மோசின் நாகன்ட், எஸ்கேஎஸ், ஜெர்மன் மவுசர் கே98கே, யூகோஸ்லாவிய எம்48, பிரிட்டிஷ் லீ என்ஃபீல்ட், சுவிஸ் கே31, ஸ்வீடிஷ் மவுசர், இத்தாலிய கார்கானோ, ஜப்பானிய அரிசாகா.

அப்படியானால் எம்16, எம்14 கூட ராணுவம் கழித்துவிட்டதுதானே, அதை வாங்க முடியாதா?

முடியாது. தானாகத் தொடர்ந்து சுடக்கூடியவை சட்டப்படி மெஷின் கன். 1986-க்குப் பிறகு புதிதாக எந்த மெஷின் கன்னையும் தனியார் பெயரில் பதிய முடியாது, அதனால் ராணுவக் கிடங்கில் இருக்கும் எம்14 ஒருநாளும் உங்கள் வீட்டுக்கு வராது. எம்14 போலவே கடையில் தொங்குவது தனியார் கம்பெனிகள் செய்த, ஒவ்வொன்றாகச் சுடும் வேறு துப்பாக்கி.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

இதைக் கேட்காமலே வாங்கப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். எச்1பி, எச்4, எஃப்1 எல்லாமே குடியேறாதோர் விசாக்கள். அந்த விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். ஒரு விதிவிலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை விலகும். ஆனால் அந்த லைசென்ஸ் காலாவதியாகும் நாளில் உங்கள் விலக்கும் போய்விடும். துப்பாக்கி வீட்டிலேயே இருக்க, நீங்கள் புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வரப்போகும் நேரத்தில் இந்த வம்பு வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். அப்படியும் வேண்டும் என்றால் முதலில் குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள், கடைக்காரர் சொல்வதை நம்பிப் போகாதீர்கள்.

கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை, மற்றவர்களைப் போலவே டீலரிடம் வாங்கலாம்.

முன்பெல்லாம் தபாலிலேயே ரைஃபிள் வருமாமே?

வந்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, கூப்பன் வெட்டி, பணத்தோடு அனுப்பினால் வீட்டுக்கு ரைஃபிள் பார்சல் வரும். அதிபர் கென்னடியைச் சுட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட் 1963-இல் சிகாகோவின் க்ளைன்ஸ் கடையில் இருந்து தபாலில் வரவழைத்தது அப்படி ஒரு சர்ப்ளஸ் கார்கானோதான். தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட், தபால் செலவு தனி. கென்னடி கொலைக்குப் பிறகு பல வருட வாக்குவாதம் நடந்து 1968-இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தபால் விற்பனை நின்றது, வெளிநாட்டு ராணுவ சர்ப்ளஸ் இறக்குமதியும் நின்றது. 1984-இல் சட்டத்தைத் திருத்தி, சேகரிப்பு மதிப்புள்ள பழைய ரைஃபிள்களை மட்டும் மறுபடி இறக்குமதி செய்ய விட்டார்கள். பிறகு வந்த மோசின், மவுசர் வெள்ளம் எல்லாம் அந்தக் கதவு வழியாக வந்ததுதான்.

இப்போது சாதாரண வழி என்ன?

லைசென்ஸ் உள்ள டீலர் ஒருவரிடம் போய், 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் வாங்கிக்கொள்வது. ரைஃபிளுக்கு டீலரிடம் குறைந்தபட்ச வயது 18. வேறு மாநிலத்தில் இருந்து வாங்கினால், விற்பவர் உங்கள் ஊர் டீலருக்கு அனுப்புவார், நீங்கள் அங்கே போய் இதே படிவத்தை நிரப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த டீலர் ஒரு கைமாற்றுக் கட்டணம் வாங்குவார், கடைக்குக் கடை மாறும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சி அண்ட் ஆர் லைசென்ஸ் என்கிறார்களே, அது என்ன?

சேகரிப்பவர்களுக்கென்றே ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) கொடுக்கும் லைசென்ஸ், டைப் 03 என்று பெயர். மூன்று வருடத்துக்கு 30 டாலர். வயது 21 ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பத்தின் நகல் ஒன்று உங்கள் ஊர் போலீஸ் தலைவருக்கும் போக வேண்டும், அனுமதி கேட்டு இல்லை, தகவலுக்காக.

இது கையில் இருந்தால், ‘க்யூரியோ அண்ட் ரெலிக்’ என்ற வகைக்குள் வரும் துப்பாக்கியை வேறு மாநிலத்தில் இருந்தும் நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம், நடுவில் டீலர் வேண்டாம். 50 வருடம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தாலே அந்த வகைக்குள் வந்துவிடும், நகல்களுக்கு மட்டும் இடமில்லை. மூல வடிவம் என்பதைக் கவனியுங்கள். யாரோ ஒருவர் 1960-இல் தாத்தா காலத்து மவுசரை வேட்டைக்காக முன்கட்டையை வெட்டி, குழலைக் குறைத்து வைத்திருந்தால் அது வயதால் மட்டும் தேறாது, டீலர் வழியாகத்தான் வாங்க வேண்டும்.

பதிலுக்கு உங்கள் வேலை ஒன்று உண்டு. பதிவுப் புத்தகம் வைத்து, எது எப்போது யாரிடம் இருந்து வந்தது, யாருக்குப் போனது என்று எழுத வேண்டும். ஏடிஎஃப் வந்து பார்க்கலாம். வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் புத்தகத்தையும் துப்பாக்கிகளையும் அவர்கள் அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் காட்ட சட்டத்தில் இடம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு வாங்கினாலே அந்த 30 டாலர் கைமாற்றுக் கட்டணத்திலேயே திரும்பிவிடும். அதனால் வாங்கத் தொடங்கும் முன்பே இதற்கு விண்ணப்பம் போடுங்கள் என்பேன்.

லைசென்ஸே இல்லாமல் வாங்கக்கூடியது எதுவும் உண்டா?

1898-லோ அதற்கு முன்போ செய்தவை மத்திய சட்டத்தில் ‘ஆன்டிக்’, துப்பாக்கி என்ற கணக்கிலேயே வராது. படிவம் இல்லை, நேராக வீட்டுக்கு வரும். சில மாநிலங்கள் இதற்கும் தனி விதி வைத்திருக்கின்றன, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1898-க்குள் தேதி போட்ட ஸ்வீடிஷ் மவுசர், ட்ராப்டோர் ஸ்ப்ரிங்ஃபீல்ட் போன்றவை இதில் கிடைக்கும்.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது நேபாளக் குவியல். காத்மாண்டு அரண்மனைக் கிடங்கில் நூறு வருடத்துக்கு மேல் அடைந்து கிடந்த மார்ட்டினி ஹென்றி ரைஃபிள்களையும் நேபாளத்திலேயே செய்த கஹேந்திரா ரைஃபிள்களையும் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் 2003-இல் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றின. சுத்தம் செய்யாதது என்று வாங்கினால் கரியும் களிம்பும் ஒட்டி ஏதோ புதைகுழியில் இருந்து தோண்டியது போல வரும். ஒரு வாரம் மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்தால் அடியில் தேவநாகரி எழுத்து தெரிய ஆரம்பிக்கும். சுவரில் மாட்டத்தான், சுட இல்லை.

சி.எம்.பி. என்றால்?

சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் ப்ரோக்ராம். 1903-இல் அரசு தொடங்கிய குறிபார்த்துச் சுடும் பயிற்சித் திட்டத்தின் வாரிசு, 1996-இல் இருந்து லாப நோக்கமற்ற தனி அமைப்பு. அமெரிக்க ராணுவம் திருப்பிக் கொடுத்த கேரண்ட் ரைஃபிள்களை வாங்க இதைவிட நம்பகமான இடம் கிடையாது. வெளிநாடுகளுக்குக் கடனாகக் கொடுத்துத் திரும்பி வந்தவையும் இங்கேதான் வருகின்றன.

நிபந்தனைகள்: அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், கிரீன் கார்டு போதாது. அவர்களோடு இணைந்த ஒரு கிளப்பில் உறுப்பினர் ஆக வேண்டும். சுடப் பழகியதற்கு ஒரு சான்று வேண்டும். இவற்றோடு பின்னணிச் சோதனையும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் வீட்டுக்கே அனுப்புவார்கள்.

ராக், ஃபீல்ட், சர்வீஸ் என்று தரம் பிரித்து விற்கிறார்கள். ராக் என்றால் தேய்ந்தது, சர்வீஸ் என்றால் நன்றாக உழைத்து இன்னும் தெம்பாக இருப்பது. அலபாமாவில் ஆனிஸ்டனிலும் ஒஹையோவில் கேம்ப் பெர்ரியிலும் அவர்களுக்கு நேரடிக் கடை இருக்கிறது. முடிந்தால் நேரில் போங்கள். வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் கேரண்ட்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும்போதுதான், ஒரே தரத்தில் இருப்பவற்றுக்குள்ளும் எவ்வளவு வேறுபாடு என்று புரியும். ஒவ்வொன்றிலும் குழல் முனைத் தேய்மானமும் தோட்டா அமரும் வாய்ப் பகுதியின் தேய்மானமும் அளந்து எண்ணாக எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். எண் குறைந்தால் குழல் நல்லது.

இறக்குமதியாளர்களிடம் வாங்கினால்?

செஞ்சுரி ஆர்ம்ஸ் போன்ற பெரிய இறக்குமதியாளர்கள் கொண்டு வருவதைக் கடைகள் விற்கும். ராயல் டைகர் இம்போர்ட்ஸ் எத்தியோப்பியக் கிடங்குகளில் இருந்து கார்கானோ, மவுசர் என்று நிறையக் கொண்டு வந்தது. க்ளாசிக் ஃபயர்ஆர்ம்ஸ், எய்ம் சர்ப்ளஸ் போன்ற சில்லறைக் கடைகளும் உண்டு. இங்கே மொத்தச் சரக்கில் இருந்து ஏதோ ஒன்றுதான் உங்களுக்கு வரும். ‘ஹேண்ட் செலக்ட்’ என்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் பெட்டியில் இருக்கும் சிலவற்றில் நல்லதாகப் பார்த்து அனுப்புவார்கள். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம், 1968-க்குப் பிறகு வந்தவற்றில் இறக்குமதியாளர் பெயர் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். சிலவற்றில் குழலுக்கு அடியில் பொடியாக இருக்கும், சிலவற்றில் விளம்பரப் பலகை மாதிரி இருக்கும். அந்த முத்திரை இல்லாதவற்றுக்கு விலை கூடுதல்.

ஒரு காலத்தில் நூறு டாலருக்குள் மோசின் கிடைத்தது உண்மை. அந்தக் காலம் போய்விட்டது. சந்தைக்கு வந்த சரக்கு தீர்ந்தது, 2021-இல் ரஷ்யத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் புது இறக்குமதி அனுமதியை அமெரிக்கா நிறுத்தியது. அந்த விலைக்கு மறுபடி வரும் என்று காத்திருப்பது வீண்.

ஆன்லைன் ஏலம் நம்பலாமா?

கன்ப்ரோக்கர்தான் பெரிய இடம். சரக்கு கொட்டிக் கிடக்கிறது, ஏமாறவும் அங்கேதான் வசதி அதிகம். என் கதையைச் சொல்கிறேன். யூகோ எம்48 ஒன்று, படத்தில் கட்டை தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. ‘அழகாகப் பராமரிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தார் விற்றவர். நானும் மயங்கி விலையை ஏற்றிவிட்டு ஜெயித்தேன். பெட்டியைத் திறந்து கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது: கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். இரும்பும் மரமும் சேரும் இடத்தில் மரம் இரும்பைவிட மில்லிமீட்டர் கணக்கில் தாழ்ந்திருந்தது, தொழிற்சாலை முத்திரை இருக்க வேண்டிய இடம் வழவழ. படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தால் அதிலும் தெரிந்தது, நான்தான் பார்க்கவில்லை.

அதில் இருந்து, முத்திரைகள், சீரியல் நம்பர்கள், போல்ட் (குழலின் பின்வாயை மூடும், இழுத்துத் தள்ளும் இரும்புத் தண்டு), குழல் வாய் எல்லாவற்றுக்கும் கிட்டத்துப் படம் கேட்பேன். கொடுக்க மறுத்தால் விட்டுவிடுவேன். முடிந்துபோன ஏலங்களின் கடைசி விலையைப் பாருங்கள், ‘இப்போதே வாங்கு’ என்று போட்டிருப்பது விற்பவரின் ஆசை மட்டுமே.

பெரிய ஏல நிறுவனங்கள்?

ராக் ஐலண்ட், மார்ஃபி போன்றவை. அரிய ரகம், காகிதத்தோடு வரும் ரைஃபிள் வேண்டும் என்றால் அங்கே போகலாம். நீங்கள் கேட்ட விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் என்று ஒரு சதவீதம் ஏறும், அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு கையைத் தூக்குங்கள்.

கன் ஷோ என்கிற துப்பாக்கிச் சந்தை?

எனக்குப் பிடித்தது இதுதான். ஓக்லஹோமாவில் துல்சாவில் நடக்கும் வேனன்மேக்கர் ஷோ வருடத்துக்கு இரண்டு தடவை, ஆயிரக்கணக்கான மேசைகள், ஒரு நாளில் நடந்து முடிக்க முடியாது. சாதாரண ஊர் ஷோக்களில் பாதி மேசை காயவைத்த இறைச்சி, கத்தி, டீஷர்ட் என்று போய்விடும், ஆனால் ஓரத்தில் தனியாக ஒரு பெரியவர் நாலே நாலு ரைஃபிளோடு உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய்ப் பேசுங்கள். வாங்காவிட்டாலும் அரை மணி நேரத்தில் நிறையக் கற்றுக்கொண்டு வருவீர்கள். காலை முதல் ஆளாகப் போனால் சரக்கு நல்லது, ஞாயிறு மாலை போனால் விலை நல்லது.

ஷோவில் வாங்கினால் சட்டம் எதுவும் தளராது. டீலர் மேசை என்றால் அங்கேயே படிவமும் சோதனையும் உண்டு. தனியார் என்றால் உங்கள் மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும், தனியார் விற்பனைக்கும் சோதனை கட்டாயம் என்கிற மாநிலங்கள் பல இருக்கின்றன.

அடகுக் கடை, பழைய வீட்டுச் சாமான் விற்பனை?

கிடைத்தால் அதிர்ஷ்டம். போரில் இருந்து தாத்தா கொண்டு வந்த ரைஃபிள் இங்கேதான் வெளியே வரும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்பு வளையத்தைத் தளர்த்தி அடியில் பாருங்கள். மரத்தைக் குறுக்கே அறுத்து மறுபடி பொருத்தியிருந்தால் பயப்பட வேண்டாம், ‘டஃபிள் கட்’ என்பார்கள். சிப்பாய் தன் துணிப்பைக்குள் நுழைக்க வேண்டும் என்று அறுத்தது. மற்ற எந்த வெட்டும் மதிப்பைக் குறைக்கும், இது மட்டும் அந்த ரைஃபிள் பையில் அடைபட்டுக் கடல் கடந்தது என்று காட்டுகிறது. போர்க்கொள்ளையாக எடுத்துவர மேலதிகாரி கையெழுத்திட்ட காகிதமும் கூட இருந்தால் விலை எங்கேயோ போய்விடும்.

வாய்க்கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். காகிதம் இருந்தால் கொடுங்கள்.

முதல் ரைஃபிளாக எதை வாங்கலாம்?

சுவிஸ் கே31 என்பேன். கடைசல் வேலை கடிகாரம் போல இருக்கும், பெரும்பாலும் குழலும் நன்றாக இருக்கும். பின்கட்டையின் அடித்தகட்டை இரண்டு திருகு கழற்றி எடுத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே மடித்த ஒரு சீட்டு. அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, ஊர். நான் முதல் தடவை அதைப் பிரித்துப் படித்தபோது யாருடைய வீட்டுக்குள்ளேயோ கதவைத் தட்டாமல் நுழைந்த மாதிரி இருந்தது. திரும்ப மடித்து அங்கேயே வைத்துவிட்டேன்.

கேரண்ட் வேண்டும் என்று மனதில் இருந்தால் நேராக அதற்கே போங்கள், நடுவில் இரண்டு மலிவானவற்றை வாங்கி ஆறுதல் அடையாதீர்கள்.

நம் நாட்டில் செய்தது எதுவும் இங்கே கிடைக்குமா?

கிடைக்கும். மேற்கு வங்காளத்து இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்த 2ஏ, 2ஏ1. 1962 சீனப் போருக்குப் பிறகு வந்தவை, 7.62 நேட்டோ தோட்டாவுக்காகப் புதிதாகச் செய்த லீ என்ஃபீல்ட். பழைய .303-ஐக் குடைந்து மாற்றியது என்று பலர் சொல்வது தப்பு, உருக்கே வேறு. 2ஏ1-இல் குறிபார்க்கும் பின்காட்சியில் அளவு 800 மீட்டர் வரை, தோட்டா அடைக்கும் மேகசின் சதுரப் பெட்டி மாதிரி இருக்கும், பார்த்ததும் தெரியும். முன்கட்டையில் செம்புக்கம்பி சுற்றிய .303 ரகம் ஒன்றும் வரும், அது கையெறி குண்டு வீசப் பயன்பட்டது. ‘டிபி’ என்று அடித்திருந்தால் அணிவகுப்புக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கியது, அதைச் சுடவே கூடாது.

கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் காலியா என்று பாருங்கள், விற்பவர் சொன்னாலும். அப்புறம் குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள், சுருள் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, குழி விழுந்திருக்கிறதா என்று. போல்ட், ரிசீவர் (போல்ட் ஓடும் இரும்பு உடல்), குழல், கட்டை, எல்லாவற்றிலும் நம்பர் ஒன்றுதானா?

நம்பர் பொருந்துவதிலும் ஒரு சூட்சுமம். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகள் பிடித்த கே98கே-க்களைப் பிறகு பிரித்து, கறுப்பேற்றும் மருந்தில் முக்கி, கலந்து பூட்டினார்கள். அதனால் போல்ட்டில் பழைய நம்பரைக் கோடடித்துவிட்டு மின்பேனாவால் புது நம்பர் கிறுக்கியிருப்பார்கள், ரிசீவரின் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும், கட்டையில் சிவந்த அரக்குப் பூச்சு. நல்ல ரைஃபிள்தான், ஆனால் ‘எல்லா நம்பரும் பொருந்துகிறது’ என்று சொல்லித் தொழிற்சாலை மூல விலை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். அரிசாகாவில் ரிசீவர் மேல் சாமந்திப்பூ முத்திரை அரைக்கப்படாமல் முழுதாக இருந்தால் மதிப்பு கூடும்.

போலி அதிகமா?

ஸ்னைப்பர் என்று சொன்னால் அதிகம். சாதாரண மோசினில் துளை போட்டு பியு தொலைநோக்கி மாட்டுவது, கே98கே-யில் நாஜி எஸ்எஸ் படையின் முத்திரை அடிப்பது, கேரண்டில் எம்1டி என்ற அதன் ஸ்னைப்பர் ரகத்தின் குழலை மாட்டுவது எல்லாம் நடக்கிறது. எம்1டி-க்குத் தனி சீரியல் வரிசையே கிடையாது, அதனால் அரசு விற்ற காகிதம் இல்லாமல் அந்த விலை கொடுக்காதீர்கள். இரண்டு வருடம் சாதாரணமானவற்றைப் பார்த்துப் பழகும் முன் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

வாங்கியதைச் சுடலாமா?

துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் மூடியதும் தோட்டாவுக்கு இருக்கும் இடம்) அளந்த பிறகு, பெரும்பாலானவற்றைச் சுடலாம். சில விலக்குகள் உண்டு. 1903 ஸ்ப்ரிங்ஃபீல்டில், ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆர்மரி செய்தது 800,000-க்குக் கீழ் நம்பர் என்றாலோ, ராக் ஐலண்ட் செய்தது 285,507-க்குக் கீழ் என்றாலோ சுடாதீர்கள். சூடாக்கிப் பதமேற்றும்போது பிழை நடந்து சில ரிசீவர்கள் கண்ணாடி மாதிரி உடைந்திருக்கின்றன. கேரண்டில் இன்றைய வேட்டைத் தோட்டாக்களைக் கண்டபடி போட்டால் இயக்குத் தண்டு வளையும், அதற்கென்று சொல்லி விற்பதை வாங்குங்கள்.

பழைய சர்ப்ளஸ் தோட்டாக்கள் பலவற்றைச் சுட்டால் ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) இருந்து குழலுக்குள் உப்பு படியும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகு எண்ணெய். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுநாள் துரு பார்க்கலாம்.

முழுக்கப் பழுப்பு கிரீஸாக வந்திருக்கிறதே?

காஸ்மோலின். கறுப்புக் குப்பைப் பையில் கட்டையைச் சுற்றி வெயிலில் வையுங்கள், உருகி வழியும், துடைத்துக்கொண்டே இருங்கள். போல்ட் இறுகினால் பெரும்பாலும் தோட்டா அமரும் அறைக்குள் காய்ந்த இதே கிரீஸ்தான் காரணம். உப்புத்தாளை மட்டும் வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள்.

மாநிலச் சட்டம்?

கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இலினாய், மாசசூசெட்ஸ் என்றால் பணம் கட்டும் முன் பாருங்கள். இலினாயில் எஃப்ஓஐடி என்கிற துப்பாக்கி உரிமையாளர் அட்டை, நியூஜெர்சியில் அடையாள அட்டை, நியூயார்க் நகரத்தில் ரைஃபிளுக்கே பெர்மிட். யூகோ எஸ்கேஎஸ்-இன் முனையில் இருக்கும் கிரனேட் வீசும் குழாய் கலிஃபோர்னியாவில் சிக்கல். பல விற்பனையாளர்கள் ‘இந்த மாநிலத்துக்கு அனுப்ப மாட்டோம்’ என்று பட்டியல் போட்டிருப்பார்கள், அதில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் விற்கலாமா?

விற்கலாம், சேகரிப்பைத் தரம் உயர்த்த ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது சகஜம். ஆனால் சி அண்ட் ஆர் லைசென்ஸை வைத்துக்கொண்டு லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்றால் அது வியாபாரம், அதற்கு டீலர் லைசென்ஸ் வேண்டும். போனதைப் புத்தகத்தில் மறக்காமல் எழுதுங்கள். அந்த எம்48-ஐ நானும் விற்றேன், உப்புத்தாள் போட்ட கட்டை என்று முதல் வரியிலேயே எழுதி, நஷ்டத்துக்குத்தான்.